வெற்றிலைக் கொடியின் குறுக்குவெட்டு

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்துப் படிக்கிறாள். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோழவந்தானில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாவரவியல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, தொட்டால் அழுதுவிடுவாள் என்ற நிலையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் நான்கு வட்டங்கள் இருந்தன: இருவிதையிலை வேர், ஒருவிதையிலை வேர், இருவிதையிலைத் தண்டு, ஒருவிதையிலைத் தண்டு. காம்பஸ் வைத்து வரைந்து, கூர் சீவிய பென்சிலால் செல்களை ஒவ்வொன்றாக இட்டு, பாகங்களின் பெயர்களை ஒரே பக்கமாக எழுதியிருந்தாள். படங்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலைப்பை உள்ளங்கையால் மறைத்துவிட்டு எது எது என்று கேட்டபோது, நான்கில் இரண்டைத் தவறாகச் சொன்னாள்.

நான் இளங்கலையில் தாவரவியல் படித்துவிட்டு, பிறகு வட்டிக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனவன். செடிகளோடு இன்று எனக்கு இருக்கும் உறவெல்லாம் வார இறுதியில் அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடந்துவிட்டு வருவதுதான். ஆனாலும் அந்த நான்கு வட்டங்களைப் பார்த்ததும், இவளுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது எனக்கு உடனே புரிந்தது. எனக்கும் அதுவேதான் நேர்ந்தது. படத்தைப் படமாகவே மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்தப் பாடம் நாற்பது பெயர்களின் மூட்டை. வேர் என்ன வேலை செய்கிறது, தண்டு என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு படத்துக்கு வந்தால், அந்த மூட்டையில் பாதிக்கு மேல் தானாக அவிழ்ந்துவிடும்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு வரப்போரம் அழைத்துப் போனேன். நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறி அவள் கையில் கொடுத்து, ஆணிவேரிலிருந்து கிளைவேர்கள் எப்படிப் புறப்படுகின்றன என்று பார்க்கச் சொன்னேன். கண்டபடி புறப்பட்டிருப்பதாகத்தான் முதலில் சொன்னாள். வேரை விரலிடையில் மெல்ல உருட்டிப் பார்த்த பிறகு, அவை மேலிருந்து கீழாக நான்கு வரிசைகளில் இருப்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. நிலக்கடலையின் ஆணிவேருக்குள், நீரை மேலேற்றும் திசுவான சைலம் நான்கு முனைகளாக அமைந்திருக்கிறது. கிளைவேர்கள் தோலிலிருந்து முளைப்பதில்லை. உள்ளே, வேரின் மையப் பகுதியைச் சூழ்ந்த அகத்தோலுக்கு உட்புறம் அடுத்திருக்கும் பெரிசைக்கிள் என்ற அடுக்கிலிருந்து, பெரும்பாலும் அந்தச் சைலம் முனைகளுக்கு நேர் எதிரே தோன்றி, தோலுக்கு அடுத்து உள்ளிருக்கும் புறணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. எனவே நான்கு முனை இருந்தால் நான்கு வரிசை. முள்ளங்கியில் முனை இரண்டு என்பதால் வரிசையும் இரண்டுதான். நுண்ணோக்கி இல்லாமலேயே வேரின் உள்ளமைப்பை வெளியிலிருந்து படிக்க முடியும் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தேன். பள்ளியிலேயே யாராவது ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக் காட்டியிருந்தால், பெரிசைக்கிளின் பணி என்ன என்ற ஒரு மதிப்பெண் வினாவை நான் பயந்து விட்டிருக்கமாட்டேன்.

அதே செடியின் இளம் கிளைவேர் ஒன்றை நகத்தால் கீறி இழுத்துப் பார்த்தோம். மேலிருந்த மெத்தென்ற பகுதி உறைபோலக் கழன்று வர, நடுவில் வெள்ளை நூல் ஒன்று மிஞ்சியது. கழன்று வந்தது புறணி. மிஞ்சிய நூல்தான் நீரும் உணவும் போகும் மைய உருளை. வேருக்கு வலு நடுவில் இருக்கிறது, ஏனென்றால் வேரை யாரும் வளைப்பதில்லை, இழுக்கிறார்கள். காற்று மரத்தைச் சாய்க்கும்போது மண்ணுக்குள் இருக்கும் வேர் கிணற்றுக் கயிறுபோல விறைக்கிறது. தண்டின் நிலை வேறு: அது நின்றுகொண்டு காற்றில் வளைந்து கொடுக்க வேண்டும். வளையும் பொருளில் மிகுந்த இழுப்பும் மிகுந்த அழுத்தமும் விழுவது ஓரத்தில்தான், நடுவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பந்தல் போடும் மூங்கில் உள்ளே பொள்ளலாக இருந்தும் ஆள் ஏறினால் தாங்குவது அதனால்தான். ஆகவே தண்டில் வலுத் திசுக்கள் ஓரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டு, நடுவில் பித் என்னும் மென்மையான பகுதி விடப்பட்டிருக்கிறது. கயிறும் கம்பமும் என்ற இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், வேரின் படத்தையும் தண்டின் படத்தையும் மாற்றிச் சொல்வதற்கு வாய்ப்பே இல்லை. ஒருவிதையிலை வேரில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும்: மக்காச்சோள வேரில் சைலம் முனைகள் ஆறுக்கு மேல் இருக்கும், நடுவில் பித்தும் பெரிதாக இருக்கும், ஆனாலும் சைலமும், உணவைக் கொண்டுசெல்லும் ஃபுளோயமும் தனித்தனி ஆரங்களில் மாறி மாறி நிற்பதைப் பார்த்துவிட்டால் அது வேர்தான்.

அகத்தோலைப் பற்றிச் சொல்ல வந்தபோது மதுரையைத் துணைக்கு அழைத்தேன். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் வந்து, அதற்குள் மதில், மதிலுக்குள் கோயில் என்றிருக்கும் நம் ஊரின் வரைபடமே ஒரு வேரின் குறுக்குவெட்டுப் போலத்தான் இருக்கிறது. மண்ணிலிருந்து வேர்த்தூவி வழியாகப் புகும் நீர், புறணியில் செல் சுவர்கள் வழியாகவும் செல்களுக்கு இடையேயும், மாசி வீதியில் மக்கள் போவதுபோல யாருடைய அனுமதியும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கும். அகத்தோலை அடைந்ததும் அந்தச் சுதந்திரம் முடிந்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு செல்லின் பக்கச் சுவரிலும் நீர் புகாத பொருளாலான பட்டை ஒன்று ஓடுகிறது. 1865-இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மானியத் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பரியின் பெயரால் அதைக் காஸ்பேரியன் பட்டை என்கிறோம். சுவர் வழியாக நழுவ முடியாத நீரும் தாது உப்பும் செல்லின் சவ்வைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கோபுர வாசலில் கைப்பேசியை ஒப்படைத்து, சோதனைக்கு நின்று உள்ளே போவதைப் போன்றது அது. எதை விடுவது, எதை நிறுத்துவது என்று செடி முடிவு செய்யும் இடம் அதுவே.

உவமை என்றால் எங்காவது இடிக்கும். மதிலில் நான்கு திசைக்கு நான்கு கோபுரங்கள் மட்டுமே இருக்கின்றன. இளம் வேரிலோ அகத்தோலின் ஒவ்வொரு செல்லுமே ஒரு வாசல். வேர் முதிர்ந்து அகத்தோல் செல்களின் சுவர்கள் தடித்த பிறகுதான், முதலில் முதிரும் சைலமான புரோட்டோசைலத்துக்கு எதிரே தடிக்காமல் நிற்கும் சில வழிச்செல்கள் கோபுர வாசல்களாகின்றன. இதையும் சேர்த்தே சொன்னேன். அரைகுறை உவமையைத் தேர்வுத்தாள்வரை கொண்டுபோய் எழுதிவிடும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு.

வெளிநோக்கு சைலம், உள்நோக்கு சைலம் என்ற இடத்தில் என்னிடம் கடலைச் செடியும் இல்லை, கோயிலும் இல்லை. முதலில் முதிர்வது புரோட்டோசைலம், பிறகு முதிர்வது மெட்டாசைலம். வேரில் புரோட்டோசைலம் வெளிப்பக்கம் இருக்கும். முதிர்ச்சி உள்நோக்கி நகரும். தண்டில் புரோட்டோசைலம் மையத்தை ஒட்டி இருக்கும்; முதிர்ச்சி வெளிநோக்கி நகரும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், வெளிநோக்கு என்ற பெயர் புரோட்டோசைலம் நிற்கும் திசையைச் சொல்கிறது, முதிர்ச்சி நகரும் திசையை அல்ல. பிள்ளைகள் இரண்டாவதை எண்ணிக்கொண்டு தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். இதற்கு இல்லாத காரணத்தை இட்டுக்கட்டுவதைவிட, மனப்பாடம் செய்துகொள் என்று நேராகச் சொல்வதே நேர்மை. சிறிய பொந்துகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் புரோட்டோசைலம் என்று படத்திலேயே பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டில் வாழைத்தண்டுக் கூட்டு இருந்தது. அக்கா தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போது வில்லைக்கும் வில்லைக்கும் இடையே இழுபட்டு வரும் நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பார். மோரில் போட்ட பிறகு மிச்சமிருப்பதை மத்துக் காம்பால் கிளறி எடுப்பார். அந்த நூல் என்ன என்று மகளிடம் கேட்டேன். நார் என்றாள். அது வேறு, பூ கட்டும் நார் வேறு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வரும் மல்லிகையைக் கட்டும் வாழை நார், மட்டைகளில் சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றைகளைச் சூழ்ந்திருக்கும் தடித்த சுவருடைய ஸ்கிளிரன்கைமாவால் ஆனது. அதனால்தான் இழுத்தாலும் அறாது. கூட்டுக்கு நறுக்கும்போது வரும் மெல்லிய நூல், சைலக் குழாய்களின் உட்சுவரில் சுருள்வில் போல ஓடும் தடிப்பு. தண்டு நீளும்போது குழாயும் கூடவே நீள வேண்டும் என்பதற்காக அந்தத் தடிப்பு சுருளாக இருக்கிறது. நறுக்கி இழுத்தால் சுருள் பிரிந்து நூலாகிறது. தாமரைக் காம்பை ஒடித்தால் வரும் நூலும் இதே வகைதான். (நாம் உண்ணும் வாழைத்தண்டு உண்மையில் பூங்கொத்தைத் தாங்கும் காம்பு, வெளியே அடுக்கடுக்காக மூடியிருப்பவை இலையின் அடிப்பகுதிகள். வாழையின் உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. தேர்வுக்கு இது வேண்டியதில்லை, ஆனால் சாப்பிடும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சைலம், ஃபுளோயம் என்ற பெயர்களை 1858-இல் வழங்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் நேகெலி. கிரேக்க மொழியில் முதலாவது மரக்கட்டையையும் இரண்டாவது மரப்பட்டையையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவை. கட்டை உள்ளே, பட்டை வெளியே. தண்டின் கற்றையில் சைலம் உள்பக்கமும் ஃபுளோயம் வெளிப்பக்கமும் இருக்கும் என்பதை அதற்குப் பிறகு அவள் மறக்கவில்லை.

மாலையில் செய்முறை. பள்ளி ஆய்வகத்தில் இருப்பதுபோல் சாஃப்ரானின் சாயமும் நுண்ணோக்கியும் வீட்டில் இல்லை. ஆனால் கற்றைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் பார்க்க அவ்வளவு தேவையுமில்லை. சிவப்பு மை, புது பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஆகிய மூன்றும் போதும். காலையிலேயே மூன்று டம்ளர்களில் மை கலந்த நீர் வைத்து, ஒன்றில் காசித்தும்பைத் தண்டையும், ஒன்றில் இளம் மக்காச்சோளத் தட்டையையும், மூன்றாவதில் கொடிக்காலிலிருந்து ஒடித்து வந்த இலையோடு கூடிய வெற்றிலைக் கொடியையும் நிறுத்தி வைத்திருந்தோம். நீர் சைலம் வழியாக ஏறும் என்பதால் சைலம் மட்டும் சிவக்கும். காசித்தும்பையை நறுக்கிப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகள் ஓரத்தில் ஒரு வளையமாக இருந்தன. சோளத்தட்டையில் புள்ளிகள் வட்டம் முழுக்கச் சிதறி, ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தூரதூரமாகவும் இருந்தன. இதுவரை புத்தகமும் பிளேடும் ஒத்துப்போயின.

மூன்றாவதாக வெற்றிலைக் கொடி. அது இருவிதையிலைத் தாவரம் என்பதால் வளையம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, காட்டுவதற்குப் பெருமையோடு நறுக்கினேன். வில்லையில் பார்த்தவள் தலையை நிமிர்த்தாமல், "மாமா, நடுவிலேயும் இருக்கு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் சிறு புள்ளிகளின் வளையம் இருந்தது. அதற்கு உள்ளே, பித் இருக்க வேண்டிய இடத்தில், பெரிய புள்ளிகள் இன்னொரு வளையமாக நின்றன. கல்லூரியில் எங்கள் செய்முறைத் தேர்வில் பெயரில்லாமல் வைக்கப்பட்டிருந்த ஒரு கண்ணாடி வில்லை அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. கற்றைகள் உள்ளேயும் வெளியேயும் இருப்பதைப் பார்த்து ஒருவிதையிலைத் தண்டு என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். அதுவும் வெற்றிலைக் குடும்பத்துத் தண்டுதான். கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியவில்லை என்று ஆசிரியர் சிரித்தது, மதிப்பெண் போனதைவிட அதிகமாக வலித்தது. வெற்றிலை, மிளகு முதலியவற்றின் தண்டில், வழக்கமான வளையத்துக்கு உள்ளே பித்திலும் கற்றைகள் இருக்கும். வெளி வளையத்தை ஒட்டி உட்புறத்தில் நெளிநெளியாக ஒரு ஸ்கிளிரன்கைமா பட்டை ஓடும்; நடுவில் வழுவழுப்பான திரவம் நிறைந்த குழல் இருக்கும். இப்படி விதிக்கு மாறாக அமைந்தவற்றை இளங்கலையில் தனிப் பாடமாகவே படிப்போம். பவளமல்லியும் மூக்கிரட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியானால் இது ஒருவிதையிலை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். அன்று முழுவதும் கேட்டவற்றிலேயே சிறந்த கேள்வி அது. கற்றைகள் எங்கே நிற்கின்றன என்பதைவிட, ஒவ்வொரு கற்றைக்குள்ளும் சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் நடுவே கேம்பியம் என்ற, செல்கள் பிரிந்து பெருகும் அடுக்கு இருக்கிறதா என்பது முக்கியம். இருந்தால் திறந்த கற்றை, இல்லாவிட்டால் மூடிய கற்றை. வெற்றிலையின் கற்றைகள் திறந்தவை, சோளத்தின் கற்றைகள் மூடியவை. ஆனால் கேம்பியத்தைக் கைவில்லையில் காட்ட முடியாதே என்று நான் தயங்கியபோது, பக்கத்தில் காய்ந்த இலைகளைக் கழித்துக்கொண்டிருந்த அப்பா பேச்சில் நுழைந்தார். வாய்க்கால் கரையிலிருந்த தென்னையைக் காட்டி, அதன் அடிப்பகுதியில் தான் சிறுவனாக இருந்தபோது விழுந்த அரிவாள் வெட்டு இன்றும் அப்படியே இருப்பதைச் சொன்னார். வேம்பில் அதே வெட்டு விழுந்திருந்தால் நாலைந்து வருடத்தில் விளிம்பு திரண்டு மூடியிருக்கும். தென்னைக்குக் கேம்பியம் இல்லை. அதனால் காயம் ஆறுவதில்லை, ஆண்டு வளையமும் இல்லை. நத்தம் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறார்களே, அதில் இரண்டு கிளைகளின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒட்டு மா உண்டு, ஒட்டுத் தென்னை கிடையாது.

அப்பா அதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் பனங்கை வாங்கும்போது ஓரத்துக் கறுப்பைத்தான் பார்க்க வேண்டும், உள்ளே இருப்பது வெறும் சோறு என்றார். பனையில் கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருப்பதன் விளைவு அது. சற்றுமுன் சோளத்தட்டையில் பார்த்த புள்ளிகளின் பெரிய வடிவம். வேம்பிலும் தேக்கிலும் வைரம் உள்ளே பாய்கிறது. வெளியே காழ், அதாவது வைரம், உள்ளவை புல், உள்ளே காழ் உள்ளவை மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருப்பதை அவள் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறாள். அதைத் தாவரவியல் நோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பனை மரமா புல்லா என்ற வேடிக்கை வினாவாகவே அது அவளிடம் தங்கியிருந்தது.

இரவு மீண்டும் நான்கு வட்டங்களை வரைந்தாள். இந்த முறை பெயர்களை எழுதும் முன் மூன்று கேள்விகளை என்னிடம் சொல்லிக்கொண்டே வரைந்தாள்: சைலமும் ஃபுளோயமும் ஒரே ஆரத்திலா, வேறு ஆரங்களிலா, புரோட்டோசைலம் எந்தப் பக்கம், கற்றை திறந்ததா, மூடியதா. செல்களை ஒவ்வொன்றாக வட்டம் முழுக்க வரைந்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம், ஒரு துண்டை மட்டும் விரிவாக வரைந்து மற்றதைக் கோடுகளால் காட்டினால் போதும் என்று சொன்னேன். அதற்கு அவள் தன் ஆசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றாள். அவர் திருத்தப்போகும் தாள் என்பதால் நான் விட்டுவிட்டேன். வெற்றிலைக் கொடியின் படத்தையும் ஓரத்தில் சிறிதாக வரைந்து வைத்தாள். தேர்வில் அது வராது என்று இருவருக்கும் தெரியும்.

மை டம்ளரில் வைத்த கொடியை அன்றிரவு எடுத்துப்போட மறந்துவிட்டோம். காலையில் பார்த்தபோது அந்த இலையின் நரம்புகளெல்லாம் சிவந்திருந்தன. சதைப்பகுதி பச்சையாகவே இருந்தது. அப்பா கவுளி, அதாவது வெற்றிலைக் கட்டு, அடுக்க உட்கார்ந்தவர், அந்த இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நரம்பு மட்டும் ஏன் சிவந்தது என்று பேத்தியைக் கேட்டார். தண்டில் சைலம் உள்பக்கம் இருப்பதால், கற்றை இலைக்குள் திரும்பும்போது அது மேல்பக்கம் வரும் என்றும், சாறு உறிஞ்சும் பூச்சி இலைக்கு அடியில் உட்காருவதற்கு அங்கே ஃபுளோயம் அருகில் இருப்பதும் ஒரு காரணம் என்றும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். பூச்சி என்றதும் அவர் மற்ற இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். சிவந்த இலையை மட்டும் கவுளியில் சேர்க்காமல் தனியே வைத்துவிட்டார்.